மடிப்பு நீக்கும் பிரிவு

என்னிடம் மூன்று குற்றமின்மைச் சான்றிதழ்கள் இருக்கின்றன. மூன்றிலும் நிறுவனத்தின் வட்ட முத்திரை உண்டு. இரண்டாவதில் மட்டும் முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்துவிட்டது; அதற்கு வருத்தம் தெரிவித்துத் தனியாக ஒரு கடிதமும் தந்தார்கள். சாதாரண மனிதன் ஒருவனுக்குத் தான் நிரபராதி என்பதற்கு இவ்வளவு எழுத்துபூர்வமான ஆதாரம் தேவைப்படாது. எனக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம், நான் தப்பு செய்திருந்தேன்.

எங்கள் நிறுவனம் மனிதர்களின் மரபணுவைப் படித்து, அதில் பிழை இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். ஆஸ்பத்திரிகள் ரத்தம் அனுப்பும். நாங்கள் அறிக்கை அனுப்புவோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே விளக்கிவிடுவார்கள். மரபணு என்பது உள்ளறையில் பூட்டி வைத்த மூலக்கோப்பு. அதை யாரும் வெளியே எடுத்துப் போக முடியாது. வேலை நடக்க வேண்டுமானால் அதிலிருந்து ஒரு நகல் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. உடம்பின் பட்டறைகள் நகலைப் படித்துப் புரதம் செய்கின்றன. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு உயிரைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த நகலுக்கு ஒரு கெட்ட பழக்கம். அது நேராக இருக்காது. நூல் மாதிரி நீளமாக இருந்துகொண்டு தன்மேலேயே வளையும், மடியும், சில இடங்களில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். எங்கள் இயந்திரத்துக்கு மடிப்பு ஆகாது. மடிந்த இடம் வந்தால் அப்படியே நின்றுவிடும். அதனால் படிப்பதற்கு முன்னால் ஆர்.என்.ஏ.வை அறுபத்தைந்து டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி, மடிப்பெல்லாம் விட்டதும் சட்டென்று பனிக்கட்டியில் வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் ஒரே ஆள் நான். ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். ஒரு குழிக்கு ஒரு மனிதர். தட்டைச் சூடாக்கிவிட்டுப் படிவத்தின் நான்காவது கட்டத்தில் 'மடிப்பு நீக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடுவேன். ஒன்பது வருஷமாக எனக்கு அங்கே பெயர் இஸ்திரி.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. தட்டைப் பனிக்கட்டியில் வைக்கும்போது தொண்ணூற்றாறு பேரும் ஒரே நேரத்தில் சிலிர்த்துக்கொண்டு நேராக நிற்பது போல ஒரு கற்பனை வரும். வாரத்துக்கு நாலு தட்டு. ஒரு சிற்றூரையே நிமிர்த்தி வைத்திருப்பேன்.

என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. பள்ளியில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தபோது இவளுக்கு மட்டும் ஃபெர்ரிட்டின் என்ற ஒன்று ஆயிரத்து முந்நூற்று நாற்பது வந்தது. நூற்றைம்பதைத் தாண்டக் கூடாதாம். ஃபெர்ரிட்டின் ஏறினால் உடம்பில் இரும்பு குவிகிறது என்று அர்த்தம், விட்டால் ஈரல் கெட்டுப்போகும் என்றார் டாக்டர். "மரபணுவுல பிழை இருக்கான்னு பாத்துட்டு வாங்க. இருந்தா வேற வழி யோசிக்கலாம். இல்லைன்னா மாசா மாசம் ரத்தத்தை எடுத்து இரும்பைக் குறைக்க வேண்டியதுதான்."

"எங்க ஆபீஸ்லயே பாத்துடலாம்கா," என்றேன் அக்காவிடம்.

"தப்பா வந்துடாதே?"

"எங்க ஆபீஸ் பேப்பர் பொய் சொல்லாது."

அவளுடைய குழாயை நானே வாங்கினேன். நானே தட்டில் வைத்தேன். ஏழாம் வரிசை, மூன்றாம் குழி. மற்ற தொண்ணூற்றைந்து பேரைவிட அவளை ஒரு கண் அதிகமாகப் பார்த்துக்கொண்டேன். ஐந்து நிமிடமும் நகராமல் நின்றேன். அறிக்கை வந்தது: பிழை எதுவும் இல்லை. இரண்டு படி ஒன்றாகத் தாண்டி அக்கா வீட்டு மாடிக்கு ஓடிப்போய் அந்தத் தாளைக் கொடுத்தது நான்தான். அக்கா அதைக் கண்ணாடிச் சட்டம் போடாத குறை.

அதிலிருந்து மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். வண்டியில் கூட்டிப்போவதும் நான்தான். நாலாவது மாதம் அவள் காகிதம் மாதிரி வெளுத்திருந்தாள். படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, உங்க ஆபீஸ்ல எல்லாரும் கொசுவா?"

"உன் நல்லதுக்குத்தானேம்மா."

"கொசுவாவது கேக்காம எடுக்கும். நீங்க கையெழுத்து வாங்கிட்டு எடுக்கறீங்க."

ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "எல்லா விளக்கும் ரெண்டு ரெண்டா தெரியுது மாமா. கலங்கலா. கண்ணுக்குள்ள யாரோ பால் ஊத்தின மாதிரி," என்றாள். ரத்தம் போனதால் வந்த மயக்கம் என்று ஊசி போட்ட நர்ஸ் சொன்னார். நானும் அதை நம்பினேன். நம்பியதற்குக் காரணம், அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

வாசிப்புப் பிரிவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பாள். அதனால் மூன்றே நாளில் அவளுக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் சாப்பாட்டு அறையில் அக்கா மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"இஸ்திரி அண்ணா, உங்க அக்காவுக்குக் கண்ணு எப்படி?"

"அவளுக்கு முப்பத்திரண்டு வயசிலயே ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணியாச்சு. எந்நேரமும் கதைப் புத்தகம், அதான்."

கதைப் புத்தகத்தால் புரை வராது என்று அவள் சொல்லவில்லை. எழுந்துபோய் அக்கா மகளின் பழைய பதிவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"உங்க அக்கா பொண்ணோட நகல்ல ஒரு எழுத்து மாறியிருக்கு. ஆனா புரதத்துக்கான பகுதியில இல்ல. அதுக்கு முன்னாடி, முன்னுரையில. நம்ம விதிப்படி முன்னுரையைப் படிக்கக் கூடாது. அதனால யாரும் படிக்கல."

"முன்னுரையில ஒரு எழுத்து மாறினா என்ன ஆகும்?"

அவள் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி மேசையில் வைத்தாள். "ஃபெர்ரிட்டின் நகலோட முன்னுரை இந்த மாதிரி மடிஞ்சிருக்கும். இந்த வளைவு மேல ஒரு காவலாளி உக்காந்திருப்பான். அவனும் ஒரு புரதம்தான். உடம்புல இரும்பு குறைவா இருந்தா அவன் அங்க உக்காந்துகிட்டு, 'இப்ப வேணாம், செய்யாதே'ன்னு பட்டறையைத் தடுப்பான். உங்க பொண்ணுக்கு அந்த ஒரு எழுத்தால வளைவு கோணிக்கிச்சு. காவலாளிக்கு உக்கார இடம் இல்ல. தடுக்க ஆள் இல்லாம பட்டறை பாட்டுக்குச் செஞ்சுகிட்டே இருக்கு."

"இரும்பையா?"

"அதான் இல்ல. ஃபெர்ரிட்டின்ங்கிறது இரும்பு இல்லண்ணா. இரும்பைப் போட்டு வைக்கிற டப்பா. அவ உடம்புல இரும்பு அதிகமா இல்ல, டப்பாதான் அதிகம். எல்லாம் காலி டப்பா. அது கண் வில்லையில போய்க் குவிஞ்சுதான் புரை. அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வருது. அவளுக்கு ரத்தம் எடுக்கவே கூடாது. இருக்கிற கொஞ்ச இரும்பும் போயிட்டிருக்கு."

கொண்டை ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப ஒவ்வொரு தட்டுலயும் நான் எடுத்து விட்ட மடிப்பு..."

"அதுதான் கட்டளையே," என்றாள். அதை ரொம்ப மெதுவாகச் சொன்னாள். அதனால்தான் இன்னும் கேட்கிறது.

அன்று மாலையே டாக்டரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டார். "இருக்கலாம். ஆனா கொண்டை ஊசியைக் காட்டி வைத்தியத்தை நிறுத்த முடியாது. உங்க நிறுவனம் பிழை இல்லைன்னு எழுதியிருக்கு. அதை அவங்க திருத்தட்டும், அந்த நிமிஷமே நிறுத்திடறேன்."

அக்காவிடம் போனேன். ரத்தம் எடுக்க இனி அனுப்பாதே என்றேன்.

"ஏன்டா?"

"ரிப்போர்ட் தப்பு."

"யாரு சொன்னா?"

"ஒரு பொண்ணு. புதுசா சேர்ந்திருக்கா."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். "ஒரு பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய ஆபீஸ், முத்திரை. இந்தப் பக்கம் நீ. பஸ் நம்பரையே தப்பாப் பாத்து ஏறுறவன். ஈரல் போயிடும்னு சொல்லியிருக்காங்கடா. நான் எதை நம்பட்டும்? நீதானே சொன்னே, உங்க ஆபீஸ் பேப்பர் பொய் சொல்லாதுன்னு? பேப்பர்ல கொண்டு வா."

உள்ளே அக்கா மகள் படுத்திருந்தாள். அடுத்த ரத்தம் எடுக்கும் நாளுக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

திருத்தப் பிரிவு இரண்டாம் மாடியில் இருக்கிறது. அங்கே ஒரே ஓர் அதிகாரி. அவர் மேசைமேல் பென்சில்கள் உயர வரிசையில் நின்றன. அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றதும் படிவத்தை எடுத்து நீட்டினார். முதல் கேள்வி: தவறு செய்தவர் யார்? என் பெயரை எழுதினேன். இரண்டாவது: மீறப்பட்ட விதி எண்? அதைக் காலியாக விட்டேன்.

"இதை நிரப்பணுமே."

"விதி எதையும் மீறலை சார். அதான் தப்பு."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "அறுபத்தஞ்சு டிகிரி. சரி. அஞ்சு நிமிஷம். சரி. பனிக்கட்டி. சரி. கையெழுத்து. ரொம்ப அழகா போட்டிருக்கீங்க. அப்புறம் என்ன குறை உங்களுக்கு?"

"ஒரு பொண்ணு சாகக் கிடக்கா சார்."

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே." உண்மையிலேயே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "பாருங்க தம்பி, திருத்தம்னா தப்பு இருக்கணும். தப்புன்னா தப்பு செஞ்சவர் இருக்கணும். தப்பு செஞ்சவர்னா விதியை மீறியிருக்கணும். நீங்க மீறலை. அதனால அறிக்கை சரி. அறிக்கை சரின்னா பொண்ணு நல்லாத்தான் இருக்கா."

கிளம்பும்போது கூப்பிட்டார். எந்த விசாரணை முடிந்தாலும் ஒரு தாள் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். முதல் சான்றிதழ் அப்படித்தான் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அதை இரண்டு முறை படித்தேன். 'மேற்படி நபர்மீது எவ்விதக் குற்றமும் இல்லை.' யாரோ முதுகில் தட்டிக் கொடுத்த மாதிரி ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது இயக்குநர். அவர் அறையில் நாற்காலிகள்கூட ஒரே கோட்டில் இருந்தன. வாசிப்பு விதிகளை எழுதியவரே அவர்தான். முன்னுரையையும் படிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க புத்தகம் படிப்பீங்களா?"

"படிப்பேன் சார்."

"முன்னுரை படிப்பீங்களா?"

நான் நாற்காலி வரிசையைப் பார்த்தேன்.

"பாத்தீங்களா. நீங்களே படிக்கிறதில்ல. முன்னுரையைப் படிக்காததால யாரும் செத்ததா வரலாறு கிடையாது." எழுந்து ஜன்னல் பக்கம் போனார்; அங்கே நின்றால் அவர் குரல் தானாகவே மேடைக் குரலாகிவிடும். "இந்த நிறுவனம் தொடங்கினப்போ ஆர்.என்.ஏ. எப்படிக் கிடந்தது? சுருண்டு, புரண்டு, ஒழுங்கில்லாம! நாமதான் அதை நிமிர்த்தினோம். எழுத்தைப் பார், வளைவைப் பார்க்காதேன்னு சொன்னோம். வளைவைப் பார்க்க ஆரம்பிச்சா எங்க போய் முடியும்? ஒரே எழுத்துக்கு ரெண்டு அர்த்தம் வரும். உடம்புக்குள்ள அது எப்படி நிக்குது, எங்க மடியுது, யார் அதைத் தொட்டுக்கிட்டிருக்காங்க, எல்லாம் கேக்கணும். அப்புறம் அறிக்கையை ரெண்டு வரியில எப்படி எழுதுறது? ரெண்டு வரியில எழுத முடியாத நோயை இந்த நிறுவனம் அங்கீகரிக்கிறதில்ல."

இரண்டாவது சான்றிதழ் அவர் கையாலேயே. முத்திரை சாய்ந்தது அதில்தான்.

சந்தேகம் சோர்ந்துபோகவில்லை. "குழுவுக்குப் போவோம்ணா. கண்ணால பாத்தா ஒத்துக்குவாங்க," என்றாள். குற்றம் காணும் குழுவில் மூன்று பேர், இயக்குநர்தான் தலைவர். பதினான்கு வருஷத்தில் அவர்கள் யார்மீதும் குற்றம் கண்டதில்லை. அதற்காக ஒரு கேடயம் வாங்கியிருந்தார்கள். அது மேசை நடுவில் இருந்தது.

பத்து நாள் அவள் தன் வேலை முடிந்தபிறகு உட்கார்ந்து இரண்டு குழாய்களைத் தயார் செய்தாள். ஒன்றில் நல்ல முன்னுரை. மற்றதில் அக்கா மகளுடையது. இரண்டிலும் காவலாளிப் புரதத்தைச் சேர்த்தாள். நல்லதில் அவன் போய் ஒட்டிக்கொள்வான், மற்றதில் ஒட்டமாட்டான். ஒரு சின்னத் தகட்டில் ஓடவிட்டால் நிறத்தில் வித்தியாசம் தெரியும். எங்கள் மேசையில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். மூன்று முறையும் தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு மடிப்பை முழுசாகப் பார்த்தேன். அழகாக இருந்தது.

குழு கூடியது. மூன்று பேரும் குழாய்களை ஆர்வமாகப் பார்த்தார்கள்.

"இதுவும் பரிசோதனை மாதிரிதானே?" என்று கேட்டார் இடது பக்கம் இருந்தவர்.

"ஆமா சார், ஆனா இதைச் சூடாக்கக் கூடாது," என்றாள் சந்தேகம்.

"மாதிரின்னா நாலாவது கட்டம் உண்டே. நாலாவது கட்டம் நிரம்பாத எதையும் குழு பார்க்க முடியாது. அது எங்களுக்கு நாங்களே போட்டுக்கிட்ட கட்டுப்பாடு."

"சார், சூடாக்கினா நாங்க காட்ட வந்ததே போயிடும்!"

"போகாம இருந்தாத்தானே அது உண்மை?" என்றார் இயக்குநர் அன்பாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களைத் தவிர வேற யாருக்கும் அந்த அதிகாரம் இல்ல. போய்ச் செஞ்சுட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்."

நான் மறுத்திருக்கலாம். இதை எழுதும்போது கை அந்த இடத்தில் நிற்கிறது. மறுத்திருக்கலாம், குழாய்களைக் கீழே போட்டிருக்கலாம், சூடாக்கியதாகப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஒன்பது வருஷத்துப் பழக்கம், என் கால்கள் தாமாகவே என் பிரிவுக்குப் போயின. அறுபத்தைந்து டிகிரி. ஐந்து நிமிடம். மடிப்பு விட்டது, காவலாளி முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெந்து வெளுத்தான். பனிக்கட்டி. கையெழுத்து. என் ஒரே சாட்சியை நானே நேராக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன்.

சந்தேகம் இரண்டையும் தகட்டில் ஓட்டினாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

சந்தேகம் என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். திட்டாமல் குழாய்களை எடுத்து வைத்தாள்.

"உங்களுக்குக் குற்ற உணர்வு இருக்குன்னு கேள்விப்பட்டோம்," என்றார் இயக்குநர் எழுந்துகொண்டே. "நல்ல ஊழியர்களுக்கு வர்றதுதான். மூணு நாள் விடுப்பு எடுத்துக்குங்க." மூன்றாவது சான்றிதழில் மூன்று பேரின் கையெழுத்தும் இருக்கிறது.

விடுப்பில் அக்கா வீட்டில்தான் கிடந்தேன். அக்கா மகள் குளியலறையில் மயங்கி விழுந்தது இரண்டாவது நாள். பெரிய அடியில்லை, நெற்றியில் ஒரு வீக்கம். அக்கா மடியில் படுத்துக்கொண்டு, "அம்மா, ரத்தம் வரலையே? வந்தா வீணாக்காதே, மாமாகிட்டக் கொடுத்துடு," என்றாள். அக்கா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவள் வாயைப் பொத்தினாள். ஆறு நாள் மிச்சமிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர்களுக்குத் தேவை ஒரு விதிமீறல். என்னிடம் அது இல்லை. ஆனால் எழுதினால் வந்துவிடும்.

சந்தேகத்திடம் மட்டும் சொன்னேன். 'அந்தத் தட்டை நான் சூடாக்கவில்லை. சூடாக்கியதாகப் பொய்யாகக் கையெழுத்திட்டேன்.' இப்படி எழுதிக் கொடுத்தால் அறிக்கை ரத்தாகும். மறுபடி ரத்தம் வாங்கிய நாளிலிருந்து மறுபரிசோதனைக்கு ஆறு வாரம். அறிக்கை இல்லாமல் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

"அண்ணா, தட்டுல தொண்ணூத்தாறு குழி."

"தெரியும்."

"மத்த தொண்ணூத்தஞ்சு பேரோட அறிக்கையும் ரத்தாகும். அதுல நிறையப் பேரோடது சரியான அறிக்கை. அதை வெச்சு அவங்க மருந்து சாப்பிட்டுட்டு இருப்பாங்க. அதுவும் நிக்கும்."

"தெரியும்மா."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அந்தத் தொண்ணூற்றாறு குழியையும் ஒவ்வொன்றாக நிரப்பியது நான்.

திருத்த அதிகாரி என் வாக்குமூலத்தைப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து கை குலுக்கினார். "இதைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தோம்! போன தடவை நீங்க கொண்டு வந்தது வெறும் உண்மை. அதை வெச்சு நாங்க என்ன பண்றது? இதுதான் முறையான தப்பு. விதி எண்கூடப் போட்டிருக்கீங்க."

சூடாக்காத தட்டை எங்கள் இயந்திரத்தால் படிக்கவே முடியாது. அந்த அறிக்கைகள் வந்திருக்கவே முடியாது. இது அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்றாறு அறிக்கைகளும் ரத்தாயின.

இயக்குநர் கூட்டம் போட்டார். "இன்று நமக்குப் பெருமையான நாள். பதினான்கு ஆண்டுகளாக நம்மிடம் ஒரு குற்றவாளிகூட இல்லை. குற்றவாளியே இல்லாத நிறுவனத்தை உலகம் நம்பாது என்று நான் பலமுறை கவலைப்பட்டிருக்கிறேன். இன்று அந்தக் குறை தீர்ந்தது. நம் முறை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு, அதோ நிற்கிறாரே, அவர்தான் சாட்சி." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கை தட்டினார்கள். பழக்கத்தில் நானும் தட்டினேன்.

தண்டனையாக என்னைக் கீழ்த்தளத்தில் மாதிரி வாங்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.

அக்கா மகளுக்கு ரத்தம் எடுப்பது நின்றது. ஒரு மாதத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது. ஒரு நாள் மாடிப்படியை நிற்காமல் ஏறி வந்து, "இப்ப எனக்குள்ளயும் ரத்தம் ஓடுது மாமா. சத்தம் கேக்குதா?" என்று கையை என் காதருகே நீட்டினாள். கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். அதற்குத் தேதி குறித்தாகிவிட்டது. அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே எந்தப் பேப்பர் வந்தாலும் இவளை அனுப்ப மாட்டேன்டா. முத்திரையைப் பாத்தேன், இவ மூஞ்சியைப் பாக்காம விட்டுட்டேன்."

அந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன். அன்றே இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, பொய், தொண்ணூற்றைந்து பேர். அக்கா எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மகள்தான் முதலில் பேசினாள். "அப்ப எனக்கு நின்னதுல இருந்து அவங்களுக்கும் நின்னுடுச்சா?"

"ஆமா."

"யாருக்காவது ரொம்ப..."

"தெரியலம்மா."

"போய்ப் பொய்னு சொல்லிடுங்க மாமா. எனக்குப் பழைய பேப்பர் திரும்ப வந்தா வரட்டும். நாங்க போகமாட்டோம். அவ்வளவுதானே?"

அக்கா தலையாட்டினாள். காலையில் முதல் ஆளாகத் திருத்தப் பிரிவில் நின்றேன்.

"குற்றத்தை வாபஸ் வாங்கறதா?" அதிகாரி வருத்தப்பட்டார். "அப்ப நீங்க நிரபராதின்னு நிரூபிக்கணுமே."

பையிலிருந்து மூன்று சான்றிதழ்களையும் எடுத்து வைத்தேன். பொறுமையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதெல்லாம் நீங்க செஞ்ச தப்புக்குக் கொடுத்தது. செய்யாத தப்புக்கு இது செல்லாது."

"சூடாக்காம இயந்திரம் படிச்சிருக்காது சார். உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். இயந்திரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட விதி இல்ல." குரலைத் தாழ்த்தினார். "போங்க தம்பி. ஜன்னல்ல கூட்டம் நிக்குது."

நின்றது. அழைப்புக் கடிதம் போகவே ஒரு மாதம் ஆகியிருந்ததால், ரத்தான தட்டின் மனிதர்கள் மறுபடி ரத்தம் கொடுக்க அந்த வாரம் முழுக்க வந்துகொண்டிருந்தார்கள். முதன்முதலாக அவர்களுக்கு முகம் இருந்தது. பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தார். கூட அவர் கணவர். என் வயதுதான் இருக்கும். தையல்காரராம். அவர் உடம்பில் தாமிரம் சேருகிற நோய். எங்கள் அறிக்கையைப் பார்த்து ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள், நன்றாகவே இருந்திருக்கிறார். அறிக்கை ரத்தானதும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட அவர் பேனாவைப் பிடித்தார். பேனா தாளைத் தொடாமல் அதன்மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"ஊசியில நூல் கோக்க முடியலைங்க," என்றார் அந்தப் பெண். "ரெண்டு வாரமா நான்தான் கோத்துக் கொடுக்கிறேன். அப்பவும் துணியில தையல் எங்கெங்கேயோ போகுது. ஏன் ரத்து பண்ணாங்கன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. எங்க மேல ஏதாவது தப்பா?"

"உங்க மேல ஒண்ணுமில்லம்மா," என்றேன். "தப்பு என்னுது. நான் ஒரு பொய் எழுதினேன். எங்க அக்கா பொண்ணுக்காக."

அந்தப் பெண் என்னை உற்றுப் பார்த்தார். ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவன் அப்படிச் சொல்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதனால் அதை அவர் காதில் வாங்கவும் இல்லை. கண் கலங்கிவிட்டது.

"யார் செஞ்சதையோ நீங்க உங்க தலையில போட்டுக்கிறீங்க. இந்தக் கட்டடத்துல எங்ககிட்ட மனுஷனா பேசினது நீங்க ஒருத்தர்தான். நீங்க நல்லா இருக்கணும்."

இல்லை, கேளுங்கள், நான்தான் என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. தையல்காரர் நடுங்கும் கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவருடைய குழாயை வாங்கித் தட்டில் வைத்தேன். ஆறு வாரம் ஆகும் என்றேன்.

அவர் நன்றி சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டேன். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.